மாட வீதி நாட்டு மருந்துக் கடை: முழுதாக வாங்க வேண்டியவையும் கை வைக்கக் கூடாதவையும்

வடசென்னையில் திருவொற்றியூர் தேரடி மெட்ரோ நிலையத்தில் இறங்கி, வடிவுடையம்மன் கோயிலை நோக்கி நடந்து மாட வீதிக்குள் திரும்பினால், பூக்கடைகளும் தேங்காய்க் கடைகளும் முடிகிற இடத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடை இருக்கிறது. பலகையில் எழுதியிருந்த பெயர் கடற்காற்றில் உதிர்ந்து போய்விட்டது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் 'மாட வீதிக் கடை' என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே குறிப்பிடுகிறேன். கடந்த பதினான்கு மாதங்களாக எங்கள் வீட்டில் நான்கு பேரும் தலைக்கும் உடம்புக்கும் தேய்த்துக் குளிக்கிற பொருள்களில் பெரும்பாலானவற்றை இங்கேதான் வாங்குகிறோம். இந்தக் கடைக்குப் போகச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அங்கே அடுக்கி வைத்திருப்பவற்றில் ஏறக்குறைய பாதியை வாங்க வேண்டாம் என்றும் இதே கட்டுரையில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தக் கடைக்கு என்னை அனுப்பியது ஒரு சிறிய க்ரீம் குழாய். பதினொன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகள், தோழிகளோடு போய் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் முகம் வெளுப்பதற்கான க்ரீம் ஒன்றை வாங்கி, எங்களுக்குத் தெரியாமல் மூன்று வாரம் பூசியிருக்கிறாள். முகம் வெளுத்தது உண்மை. அதன் பிறகு கன்னமும் நெற்றியும் சிவந்து அரிக்கத் தொடங்கின. தோல் மருத்துவரிடம் போனபோது, வீட்டில் யார் எதைப் பூசினாலும் தேய்த்தாலும் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொன்னார். எடுத்து வைத்தபோது எண்ணிப் பார்த்தேன். நான்கு பேர் உள்ள வீட்டில் இருபத்து மூன்று பொருள்கள் இருந்தன. மருத்துவர் முதலில் கையில் எடுத்தது அந்தக் க்ரீமைத்தான். அதில் சேர்க்கப்பட்ட பொருள்களின் பட்டியல் இல்லை, உற்பத்தி உரிம எண் இல்லை, தயாரித்தவர் முகவரியும் இல்லை. பாதரசம் இருக்கக்கூடும் என்று சொல்லி, சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். நல்ல வேளையாகச் சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

பாதரச உப்புகள் தோலின் கறுப்பு நிறமியான மெலனின் உருவாவதைத் தடுக்கின்றன; வெளுப்பு அப்படித்தான் வருகிறது. அதே பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் சேர்கிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் உள்ள கோட்டக்கல்லில், சிறுநீரில் புரதம் ஒழுகும் நோயோடு வந்தவர்களில் பலர் இத்தகைய க்ரீம்களைப் பூசி வந்தவர்கள் என்பதை 2023-இல் அங்குள்ள மருத்துவர்கள் கண்டறிந்து வெளியே சொன்னார்கள். இந்தியாவின் அழகுசாதனப் பொருள் விதிகள், 2020-இன்படி, கண்ணைச் சுற்றிப் பூசுபவை தவிர்த்த மற்றவற்றில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் ஒப்புக்கொண்ட மினமாட்டா உடன்படிக்கை 2023-இல் இன்னும் ஒரு படி மேலே போய், பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருள்களை 2025-க்குள் முற்றிலும் ஒழிப்பது என்று முடிவெடுத்தது. இவ்வளவு சட்டமும் உடன்படிக்கையும் இருந்தும், பெயர் முகவரி இல்லாத ஒரு குழாய் என் மகளின் தலையணைக்கு அடியில் வந்து சேர்ந்துவிட்டது. பூசியவரோடு அது நிற்பதும் இல்லை, தலையணை உறை, துண்டு வழியாக வீட்டில் மற்றவர்களுக்கும் பரவும் என்று மருத்துவர் சொன்ன அன்றிரவு நாங்கள் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

அந்த இருபத்து மூன்றையும் எப்படிக் குறைப்பது என்று தேடிப் படித்தபோது எனக்குத் துணிவு தந்தது ஓர் ஆய்வு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிம் ஹார்லியும் குழுவினரும் சலினாஸ் பகுதியில் 100 பதின்வயதுப் பெண்களிடம் நடத்தி 2016-இல் வெளியிட்டது அது. உடம்பின் ஹார்மோன்களைக் குலைக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் தாலேட் (வாசனைப் பொருள்களோடு சேர்வது), பாரபன் (பதப்படுத்தி), ட்ரைக்ளோசான் (கிருமிக்கொல்லி), ஆக்ஸிபென்ஸோன் (வெயிலைத் தடுப்பது) ஆகியவை இல்லை என்று உறையில் குறிக்கப்பட்ட பொருள்களை மட்டும் மூன்றே நாள் பயன்படுத்தச் சொல்லி, முன்னும் பின்னும் அவர்களுடைய சிறுநீரைச் சோதித்தார்கள். வாசனைப் பொருள்களோடு வரும் தாலேட்டின் அடையாளம் 27 விழுக்காடு குறைந்திருந்தது; மெத்தில் பாரபன் 44, புரோப்பில் பாரபன் 45, ட்ரைக்ளோசானும் ஆக்ஸிபென்ஸோனும் தலா 36 விழுக்காடு குறைந்திருந்தன. எத்தில், பியூட்டில் பாரபன்கள் மட்டும் குறையாமல் சற்றே கூடியிருந்தன. உறையில் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பிவிட முடியாது என்பதற்கு இதுவும் ஒரு சான்றாக இருக்கலாம். நோய் குறைந்ததாக அந்த ஆய்வு சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் ஒரு தாய்க்கு, மூன்று நாளில் பிள்ளையின் உடம்பில் சுமை குறைகிறது என்ற ஒரு செய்தி போதுமானதாக இருந்தது.

ஆலைகள் நிறைந்த எண்ணூரையும் மணலியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஷாம்புவைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டுமா என்று என் நாத்தனார் கேட்டார். நியாயமான கேள்விதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததையும், அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் அமோனியா கசிந்து பெரியகுப்பத்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு ஓடி வந்ததையும் பார்த்தவர்கள் நாங்கள். அந்தக் காற்றுக்காக ஊர் கூடிப் போராட வேண்டும், போராடிக்கொண்டும் இருக்கிறார்கள். குளியலறை அலமாரிக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் என் மகளும் உட்கார்ந்து காலி செய்தோம். ஏற்கெனவே சுமை ஏறிய உடம்புகளுக்கு இறக்கி வைக்கக்கூடியதை இறக்கி வைப்பது வீண் வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி கடைக்கு வருகிறேன். கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே முப்பது ஆண்டுக்கு மேலாகக் கடை நடத்துகிறவர். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. முதல் நாள் நான் சீயக்காயை முழுதாகக் கேட்டபோது, "பொடியாவே பாக்கெட் இருக்கேம்மா, எதுக்கு மெனக்கெடுறீங்க?" என்று கேட்டார். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாதே அண்ணாச்சி என்றேன். அவர் கோபப்படவில்லை. "அது எனக்கும் தெரியாதும்மா, வர்றத விக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ச் சாக்கிலிருந்து காயை அள்ளி வந்து என் முன்னால் கொட்டினார். அந்த நேர்மைக்காகவே தொடர்ந்து போகிறேன்.

முழுதாக வாங்குவதில் இரண்டு பயன் உண்டு. கண்ணால் பார்த்து, முகர்ந்து, உடைத்துச் சோதிக்க முடிகிறது என்பது ஒன்று. மற்றொன்று எனக்கு வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது. புட்டியில் வரும் ஷாம்புவிலும் லோஷனிலும் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீர் இருக்கும் இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். அவை வளராமல் இருக்கத்தான் பாரபன் போன்ற பதப்படுத்திகளையும், சிறிது சிறிதாக ஃபார்மால்டிஹைடை வெளிவிடும் டி.எம்.டி.எம். ஹைடான்டாயின் போன்றவற்றையும் சேர்க்கிறார்கள். அவர்கள் செய்வதில் காரணம் இருக்கிறது, பதப்படுத்தி இல்லாத ஈரப் பொருள் கண்ணுக்கே ஆபத்தாக முடியலாம். உலர்ந்த காய்க்கும் பயறுக்கும் அந்தத் தேவையே இல்லை. தண்ணீரைக் குளிக்கும்போது நாமே சேர்த்துக்கொள்கிறோம். மிச்சத்தை வைத்துக்கொள்ளாமல் கொட்டிவிடுகிறோம். வாசனைக்கென்று தனியாக ஒன்றும் சேர்க்காததால், உறையில் 'ஃப்ராக்ரன்ஸ்' என்ற ஒரே சொல்லுக்குள் மறைந்துகொள்ளும் பல பொருள்களும் வீட்டை விட்டு வெளியேறிவிடுகின்றன.

சீயக்காய் இங்கே தரமாக இருக்கிறது. காய் கரும்பழுப்பாக, ஒடித்தால் சட்டென்று ஒடிந்து, குலுக்கினால் விதை ஓசை கேட்க வேண்டும். பூச்சித் துளையுள்ள காயை அண்ணாச்சியே பொறுக்கிப் போட்டுவிடுகிறார். ஒரு கிலோ சீயக்காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறும், நூறு கிராம் வெந்தயமும், கொட்டை நீக்கிய பூந்திக்கொட்டை நூறு கிராமும், ஆவாரம்பூவும் பூலாங்கிழங்கும் ஐம்பது கிராம் வீதமும் சேர்த்து, செம்பருத்தி இலையை நிழலில் உலர்த்தி ஒரு கைப்பிடி போட்டு அரைத்துக்கொள்கிறேன். பூலாங்கிழங்கு வில்லைகளாக வரும். முகர்ந்தால் இஞ்சியும் கற்பூரமும் கலந்த வாசம் வர வேண்டும். ஒருமுறை வாசமே இல்லாத பழைய சரக்கு வந்திருந்தது. சொன்னதும் திருப்பி எடுத்துக்கொண்டார். வெட்டிவேரும் அப்படித்தான், தண்ணீர் தெளித்து முகர்ந்து பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

மஞ்சளில் கூடுதல் கவனம் வேண்டும். கஸ்தூரி மஞ்சள் என்று பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் இருப்பதைக் கொடுத்தால் அது கஸ்தூரி மஞ்சள் அல்ல. உண்மையானது வெளிறிய நிறத்தில் இருக்கும், கையில் கறை பிடிக்காது, முகர்ந்தால் கற்பூர நெடி அடிக்கும். இந்தக் கடையில் கேட்டால் உள்ளிருந்து சரியானதை எடுத்துத் தருகிறார், கேட்காவிட்டால் முன் வரிசையில் இருப்பதைத்தான் தருகிறார். விரலி மஞ்சளிலும் மினுமினுப்பானதை நான் வாங்குவதில்லை. வங்கதேசத்தில் மஞ்சளுக்கு நிறமேற்ற ஈயக் குரோமேட்டைப் பூசி மெருகேற்றுவதை 2019-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியதற்கு அது ஒரு காரணமாக இருந்தது. முழுதாக இருந்தாலே சுத்தம் என்று நம்பிக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு பாடம். மண் நிறம் மாறாத, மெருகேற்றாத கிழங்கையே கேட்டு வாங்குகிறேன்.

நலங்கு மாவுக்கான சாமான்களை அண்ணாச்சி ஒரே பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கிறார். பச்சைப்பயறு, கடலைப்பருப்பு நீங்கலாக, கோரைக்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, பூலாங்கிழங்கு, ரோஜா மொட்டு, ஆவாரம்பூ, மகிழம்பூ, விலாமிச்சை வேர், கார்போக அரிசி என்று எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பொட்டலத்தை அப்படியே அரைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கார்போக அரிசியில் சோராலென் என்ற பொருள் இயற்கையாகவே உண்டு. தோலில் அது பட்டு, அதன் மேல் வெயிலும் பட்டால், தோல் சிவந்து கொப்புளித்துக் கறுத்துப்போகக்கூடும். வெண்புள்ளி உள்ளவர்களுக்கு இந்தக் குணத்தையே மருந்தாக்கி, அளந்து கொடுத்து, அளந்த ஒளியில் நிற்க வைக்கிறார்கள். வெண்புள்ளிக்கு மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்க வேண்டியதை, காலையில் உடம்பெல்லாம் தேய்த்துக் குளித்துவிட்டு வெயிலில் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைக்கு நாமாகப் பூசுவது சரியல்ல. உலர்ந்த எலுமிச்சைத் தோலையும் இதே காரணத்துக்காக நான் விட்டுவிட்டேன். கார்போக அரிசி இல்லாமல் கட்டித் தாருங்கள் என்று சொன்னபோது அண்ணாச்சி சிறிது தயங்கினார். "எங்கம்மா காலத்துலேர்ந்து அது இல்லாம நலங்கு மாவு கிடையாதும்மா" என்றார். ஆனாலும் எடுத்து வைத்துவிட்டார். இப்போது என்னைக் கண்டதும் அவராகவே அதைத் தவிர்த்துக் கட்டுகிறார். மற்றவர்களுக்கு இன்னும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அரைப்பதற்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாவு மில் இருக்கிறது. அங்கே மிளகாய்க்கும் மல்லிக்கும் ஒரு இயந்திரம், அரிசிக்கும் கோதுமைக்கும் ஒன்று, சீயக்காய்க்கென்று தனியாக ஒன்று. இந்தத் தனி இயந்திரத்துக்காகத்தான் நான் அந்த மில்லைத் தேர்ந்தெடுத்தேன். மிளகாய் அரைத்த இயந்திரத்தில் அரைத்த சீயக்காயைத் தலையில் தேய்த்தால் என்ன ஆகும் என்பதை என் மாமியார் ஒருமுறை அனுபவித்திருக்கிறார். மில்லில் வேலை செய்யும் அக்கா, முந்தையவர் விட்டுச் சென்ற மிச்சத்தை வெளியேற்ற, நம் காயிலேயே ஒரு பிடியை முதலில் ஓட்டி அதைத் தனியே எடுத்து வைத்துவிடுகிறார். நலங்கு மாவை அரிசி இயந்திரத்தில் போட்டுக் கொடுப்பார். சீயக்காய் இயந்திரத்தில் போட்டால் முகத்துக்கு ஆகாது என்று அவரே எச்சரித்தார். கிலோவுக்கு ஐம்பது ரூபாய் வாங்குகிறார்கள். அரைத்த பொடி சூடாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் தாளில் பரப்பி ஆறவிட்டுச் சலித்துத்தான் டப்பாவில் போட வேண்டும், சூட்டோடு மூடினால் வேர்த்துப் பூசணம் பிடித்துவிடும். சீயக்காய்த் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. துணியால் மூக்கை மூடிக்கொண்டு நில்லுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் மில்லுக்கு நேரில் போகாமல் இருப்பது நல்லது. அந்த அக்காவுக்கு நாள் முழுக்க அந்தத் தூசிதான். நல்ல முகக்கவசம் ஒன்றை மில் முதலாளி வாங்கித் தர வேண்டும் என்பது என் குறை.

பயன்படுத்திய அனுபவத்தையும் சொல்கிறேன். முதல் ஒரு மாதம் முடி பிசுபிசுப்பாகவும் முரடாகவும் இருந்தது, மகள் அழாத குறை. வாரம் ஒருமுறை நல்லெண்ணெய் தேய்த்து ஊறிய பிறகு சீயக்காய் தேய்ப்பதற்கும், எண்ணெய் இல்லாமல் நடுவில் ஒருநாள் தேய்ப்பதற்கும் வெவ்வேறு அளவு வேண்டும் என்பது பழகப் பழகத்தான் கைக்கு வந்தது. எண்ணெய் இல்லாத நாளில் பொடியைச் சோறு வடித்த கஞ்சியில் கரைத்துத் துணியில் வடிகட்டிக்கொண்டால் முடியில் துகள் தங்குவதில்லை, சாக்கடையும் அடைப்பதில்லை. எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. அந்தத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காமல் வெள்ளைப் படிவாகத் திரியும். சீயக்காயில் உள்ள சப்போனின் என்ற நுரைப்பொருள் அப்படித் திரிவதில்லை. வடசென்னையில் இருப்பவர்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல. கண்ணில் பட்டால் எரியும் என்பது மட்டும் மாறவே இல்லை. என் மகன் இன்றுவரை ஷாம்பு பாக்கெட்டைத்தான் கேட்கிறான்.

அந்தப் பாக்கெட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து ஏழை வீடுகளுக்கும் கொண்டுபோன முன்னோடி, கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். மாதச் சம்பளம் இல்லாத குடும்பங்களுக்கு அது பெரிய வசதியாக இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் நம் விதிகளின்படி 60 மில்லிலிட்டருக்குக் குறைவான திரவப் பொட்டலங்களிலும், 30 கிராமுக்குக் குறைவான மற்றவற்றிலும் சேர்மானப் பட்டியலை அச்சிட வேண்டிய கட்டாயம் இல்லை. தினக்கூலியில் வாழ்கிறவர்கள் எந்த அளவில் வாங்குகிறார்களோ, அந்த அளவில்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று அறியும் உரிமையும் நின்றுபோகிறது. இந்த விலக்கை நீக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். சிலர் தாமாகவே அச்சிடுகிறார்கள். மகனுக்காக வாங்கும்போது அப்படி அச்சிட்டதாகப் பார்த்து வாங்குகிறேன்.

மாட வீதிக் கடையில் தொடக் கூடாதவை என்று நான் சொன்னவை முன் மேசையில்தான் இருக்கின்றன. முதலாவது, அரைமணி நேரத்தில் முடியைக் கறுப்பாக்கும் 'ஹென்னா' பொடி. மருதாணியில் உள்ள லாசோன் என்ற சாயப்பொருள் செம்பழுப்பு நிறம்தான் தரும், எத்தனை மணி நேரம் வைத்தாலும் கறுப்பு தராது. அவுரி இலை சேர்ந்தால் நீலம் கலந்த கறுப்பு வரும், அதற்கு நேரமும் பொறுமையும் வேண்டும். அரைமணியில் கறுத்தால் அதில் பெரும்பாலும் பாரா ஃபினைலின் டையமின் இருக்கிறது என்று கொள்ளலாம். முகம் வீங்கும் அளவுக்கு ஒவ்வாமை தரக்கூடிய பொருள் அது. அது சேர்ந்த முடிச்சாயங்களில் முதலில் சிறிது பூசிப் பார்க்கும்படி எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது விதி. பச்சை இலைப் படம் போட்ட பொட்டலத்தில் அந்த எச்சரிக்கையை நான் தேடிப் பார்த்துக் காணவில்லை.

இரண்டாவது, உதிரியாக நிறுத்துத் தரும் குங்குமமும் கண்ணுக்கு இடும் சுருமாவும். மஞ்சளோடு வெண்காரமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துச் செய்த குங்குமம் மங்கலான சிவப்பாக இருக்கும். கண்ணைப் பறிக்கிற சிவப்பு, சாயத்தின் சிவப்பு. சுருமா பல இடங்களில் ஈயத் தாதுவிலிருந்தே தயாராகிறது. குழந்தையின் கண்ணுக்கு அதை வைப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். குங்குமத்தை விட்டு ஸ்டிக்கர் பொட்டுக்கு மாறினால் தப்பித்துவிடலாம் என்றும் இல்லை. சில ஒட்டுப் பசைகளில் உள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால், பொட்டு வைத்த இடத்தில் தோலின் நிறத்தை அழித்து வெள்ளைத் தழும்பை உண்டாக்கும். நெற்றி நடுவில் அப்படி வெள்ளை வட்டம் உள்ள பெண்களை நம் வீடுகளிலேயே பார்த்திருப்போம். வெளியே போகும் நேரம் தவிர மற்ற நேரத்தில் பொட்டைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துவிடுகிறேன்.

மூன்றாவது, 'மூலிகை' என்று அச்சிட்ட ஷாம்பு, லோஷன் புட்டிகள். கெமிக்கல் இல்லாதது என்ற வாசகத்துக்குப் பொருளே கிடையாது, தண்ணீரும் ஒரு வேதிப்பொருள்தான். பாரபன் இல்லாதது என்ற வாசகத்துக்குப் பொருள் உண்டு, ஆனால் அதற்குப் பதிலாக என்ன சேர்த்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் ஐந்து வகைப் பாரபன்களைத் தடை செய்து, புரோப்பில், பியூட்டில் பாரபன்களின் அளவைக் குறைத்தது. மெத்தில், எத்தில் பாரபன்களை வரம்புக்குள் பயன்படுத்த இன்றும் அனுமதிக்கிறது. பாரபனுக்குப் பதிலாகப் பலர் சேர்த்த மெத்தில் ஐசோதயசோலினோன் ஏராளமானோருக்கு ஒவ்வாமையைத் தந்து, 2013-இல் அமெரிக்கத் தொடர்பு ஒவ்வாமை மருத்துவர் சங்கத்தால் அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவிக்கப்பட்டது. பூசிவிட்டு அப்படியே விடும் பொருள்களில் அதை ஐரோப்பா 2017 முதல் அனுமதிப்பதில்லை. இந்தக் கடையில் நான் எடுத்துப் பார்த்த மூலிகை லோஷன் ஒன்றின் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. எல்லாப் பெயரையும் மனப்பாடம் செய்வது யாராலும் ஆகாது. பூசிவிட்டுக் கழுவாமல் விடுகிறவற்றின் பட்டியலை மட்டுமாவது படித்துவிடுவது என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பவுடர் டப்பாவை வீட்டிலிருந்து முழுதாகவே விலக்கிவிட்டோம். பவுடருக்கு அரைக்கும் டால்க் கல்லோடு கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்து வரக்கூடும் என்ற கவலை பழையது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024-இல் டால்க்கையே 'அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கும்' என்ற பிரிவுக்கு உயர்த்தியது. கழுத்து மடிப்பில் வேர்க்குருவுக்குப் பருத்தித் துணியும் காற்றும் போதுமாக இருக்கிறது.

பற்பசையை நான் மாற்றவில்லை. அண்ணாச்சி கடையில் பற்பொடி வகை வகையாக இருக்கிறது; பல் சொத்தையைத் தடுப்பதில் ஃப்ளோரைடு உள்ள பற்பசைக்கு ஈடாக அவற்றை நான் கருதவில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த சன்ஸ்க்ரீன், என் கணவரின் பொடுகு ஷாம்பு இரண்டும் அப்படியே இருக்கின்றன. நாட்டு மருந்து என்ற பெயரில் வயிற்றுக்குச் சாப்பிடும் பொடிகளையும் லேகியங்களையும் இந்தக் கடையில் வாங்கியதே இல்லை. அவற்றிலும் பாதரசம் இருந்து சிறுநீரகம் பாதித்த நோயாளிகளைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதற்கெல்லாம் தேர்ந்த சித்த மருத்துவரிடம் போக வேண்டும். அண்ணாச்சியின் தராசு அதற்குப் போதாது.

இருபத்து மூன்று இன்று ஒன்பதாகியிருக்கிறது. சீயக்காய், நலங்கு மாவுச் சாமான்கள், அரைவைக் கூலி எல்லாம் சேர்த்து மூன்று மாதத்துக்கு எனக்கு எண்ணூறு ரூபாய் அளவில் ஆகிறது. முன்பு புட்டிகளுக்குச் செலவழித்ததைவிடக் குறைவு, ஆனால் உலர்த்தி, அரைத்து, சலிப்பதற்கு ஒரு முழு நாள் போய்விடும். வேலைக்குப் போகிற பெண்களிடம் இதை எளிது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆண்கள் சலிக்க உட்காரட்டும். எங்கள் வீட்டில் உட்காருகிறார்.

கடை காலை ஒன்பது மணிக்குத் திறக்கிறது, மதியம் இரண்டு முதல் நான்கு வரை மூடியிருக்கும். வெள்ளிக்கிழமையிலும் பௌர்ணமியிலும் கோயில் கூட்டத்தில் நின்று பேசவே முடியாது; செவ்வாய், புதன் காலையில் போனால் அண்ணாச்சி சாக்கைப் பிரித்துக் காட்டுவார். துணிப்பை கொண்டு போங்கள். பொட்டலமாகக் கட்டி வைத்திருப்பதை வாங்காமல் ஒவ்வொன்றையும் தனித்தனியே பெயர் சொல்லிக் கேளுங்கள், கார்போக அரிசி வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மில்லில் சீயக்காய் இயந்திரத்தைக் காலை பதினொரு மணிக்குள்தான் ஓட்டுகிறார்கள், அமாவாசையன்று விடுமுறை.